கிண்ணியாவில் ஒரு வெல்டிங் கடை: கலப்பை உடைந்தவர்களுக்காக எழுதுகிறேன்

இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திருகோணமலைப் பக்கமிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து கொஞ்சத் தூரம் உள்ளே போனால் ஒரு தகரக் கொட்டிலுக்கு முன்னால் இரும்புச் சில்லுகளும் பெட்டிச் சட்டங்களும் குவிந்து கிடக்கும், அதுதான். உழவு மெசின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள்.

நான் தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். பெரும்போகத்துக்கு முதல் உழவு ஓடிக்கொண்டிருந்தபோது கொழு ஒரு வேரில் மாட்டி, ஒன்பது கொழுக் கலப்பையின் சட்டம் மெசினில் கொழுவுகிற காதுக்குப் பக்கத்தில் வெடித்துவிட்டது. அவசரத்தில் கிட்ட இருந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயிண்டும் கறளும் சேறும் இருந்தபடியே மேலால் ஒரு ஓட்டம் ஒட்டி, கால் மணித்தியாலத்தில் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாளே போய்விட்டது. ஒட்டின இடம் அப்படியே இருக்க அதற்குப் பக்கத்து இரும்பு கிழிந்து, காதில் இருக்கிற இரும்பு முளையும் (pin, பின்) வளைந்து, முன்னைவிடப் பெரிய சேதம்.

அதற்குப் பிறகுதான் கிண்ணியாவுக்குப் போனேன். (2009 இல் பாலம் திறப்பதற்கு முன்பென்றால் அந்த வழியால் கலப்பையை 'பாதை' என்கிற படகில் ஏற்றித்தான் அக்கரை கொண்டுபோயிருக்க வேண்டும்.) கடைக்கார நானா கலப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய ஒட்டு முழுவதையும் கிரைண்டரால் வெட்டி எடுக்கவேண்டும் என்றார். "நானா, அதுக்கு மேலேயே இன்னொரு ஓட்டம் விட்டால் போதாதா?" என்று கேட்டேன். "அடியில வெடிப்பு அப்படியே கிடக்கும் தம்பி, மேல பூசினா அது உள்ளுக்கால ஓடும்" என்றார்.

அவர் வேலை செய்த விதத்தை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு கொடுக்கிறது அதற்குத்தான். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் வரை துப்புரவாக்கினார். வெடிப்பு எங்கே முடிகிறது என்று தேடிப் பிடித்து அந்த நுனியில் ஒரு சின்னத் துளை போட்டார், வெடிப்பு அதற்கு மேல் ஓடாமல் நிற்பதற்கு. பிறகு வெடிப்பின் நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, அடியிலிருந்து மூன்று நான்கு ஓட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. சாதாரண வேலைக்கு எல்லாரும் பாவிக்கிற 6013 வெல்டிங் ரொட்டை அவர் இதற்குத் தொடவில்லை. 7018 ரொட்டுத்தான். அதுவும் ஒரு பழுதான ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு அதற்குள் வைத்திருந்ததை எடுத்தார். கடல் காற்றில் அந்த ரொட் ஈரத்தை இழுத்துவிடுமாம், ஈர ரொட்டால் ஒட்டினால் வேலை முடிந்து சில மணித்தியாலம் கழித்துக்கூட பக்கத்து இரும்பில் வெடிப்பு வருமாம். எனக்கு முதல் கடையில் நடந்ததும் அதுவோ என்று அப்போதுதான் யோசித்தேன்.

காதுக்குப் புதிதாக 22 மில்லிமீற்றர் பின் போட்டார். அது உரம் கூடிய இரும்பு என்பதால் ஒட்டுவதற்கு முன் காஸில் சூடாக்கினார், ஒட்டி முடிந்ததும் உமிச் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டார். நான் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கெதியாய் முடியுமே என்று சொல்லி நல்ல ஏச்சு வாங்கினேன்.

சட்டத்துக்குப் பக்கத்தில் 10 மில்லிமீற்றர் பிளேட்டில் துண்டு வெட்டி, மூலைகளை உருட்டிப் பலப்படுத்தினார். நீளப்பக்கம் மட்டும்தான் ஒட்டினார், குறுக்கே ஒட்டவில்லை. குறுக்கே போட்டால் அடுத்த உடைவு அந்தக் கோட்டிலேயே வருமாம். நான்கு பக்கமும் சுற்றி ஒட்டினால்தான் பலம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

நான் நிற்கும்போது இன்னொருவர் மெசினோடு சேர்த்தே ஒட்டச் சொல்லி வந்தார். நானா முதலில் பற்றரி வயரைக் கழற்றினார், எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குக் கிட்டவே மாட்டினார். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங்குக்குள்ளால் போய் அதைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

எல்லா வேலையும் எடுக்கமாட்டார். என் கொழுவின் சுருள் கம்பி ஒன்றும் முறிந்திருந்தது, அதை ஒட்டித் தரமுடியாது, புதிது வாங்கிப் போடு என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த நேரம் எரிச்சல்தான், ஆனால் அந்த இரும்பின் வில் உரம் ஒட்டின சூட்டில் போய்விடும் என்பது உண்மை.

குறையும் இருக்கிறது. போகம் தொடங்கும் நேரம் ஒரே சனம், என் கலப்பை மூன்று நாள் வரிசையில் கிடந்தது, போன் எடுத்தால் பதில் வராது. பெயிண்ட் அடித்துத் தரமாட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்து நான்தான் அடித்தேன். 9,500 ரூபாய் எடுத்தார். முதல் கடையைவிடப் பல மடங்கு. அந்தக் கலப்பையால் அதற்குப் பிறகு இரண்டு போகம் உழுதுவிட்டேன், ஒட்டின கோட்டில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

போகிறவர்கள் உழவுக்கு ஒரு மாதம் முந்தியே போங்கள். கலப்பையைக் கழுவிக்கொண்டு போங்கள், சேறோடு கொண்டுபோனால் முதலில் கழுவத்தான் திருப்பி அனுப்புவார்.