பைதானில் ஸ்ட்ரிங்கா, லிஸ்ட்டா? ‘மரம்’ முதல் ‘விகடகவி’ வரை

பைதான் என்ற நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கும்போது, உரையை வைக்கும் ஸ்ட்ரிங்கும் பலவற்றை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். இரண்டிலும் இன்டெக்ஸ் (இட எண்) 0-வில் தொடங்கும். இரண்டையும் துண்டு போடலாம், லூப்பில் ஒவ்வொன்றாக ஓட்டலாம், லென் போட்டு நீளம் பார்க்கலாம். உள்ளே ஒன்றை மாற்றப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

‘மரம்’ என்ற ஸ்ட்ரிங்கில் முதல் எழுத்தைத் தூக்கிவிட்டு ‘க’ வைத்துப் பாருங்கள், டைப்எரர் என்ற பிழை வரும். ஒருமுறை உருவான ஸ்ட்ரிங்கைத் திருத்தவே முடியாது. ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று மூன்றும் தனித்தனியாக உள்ள லிஸ்ட்டில் அதே மாற்றம் சுலபமாக நடக்கும். சரி, ஸ்ட்ரிங்குக்குத்தான் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் ரிப்ளேஸ் இருக்கிறதே என்று ‘ம’வை ‘க’ ஆக்கச் சொன்னால் ‘கரம்’ வராது, ‘கரக்’ வரும்! கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் ‘ம்’ என்பது ‘ம’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். பைதான் 3 ஸ்ட்ரிங்கை அந்தக் குறிகளாகத்தான் பார்க்கிறது. ‘கரக்’கும் புது ஸ்ட்ரிங்தான், பழைய ‘மரம்’ அப்படியே இருக்கும்.

லிஸ்ட்டின் சுதந்திரத்துக்கும் விலை உண்டு. பழங்கள் என்ற லிஸ்ட்டை கூடை என்ற இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். (பைதான் 3-இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) கூடையில் ஒரு மாம்பழத்தை அப்பெண்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) பழங்களிலும் அது வந்து நிற்கும். எந்த எரரும் காட்டாத தவறு என்பதால் இதைத் தேடி நான் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். தனி நகல் வேண்டுமானால் காப்பி என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஸ்ட்ரிங்கில் இந்தப் பயமே இல்லை. மாறாது என்ற அந்த உறுதியால்தான் அது, ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சாவியோடு சேர்த்து வைக்கும் டிக்‌ஷனரிக்குச் சாவியாகவும் இருக்க முடிகிறது, லிஸ்ட்டால் முடியாது.

நீளமான உரையைத் துண்டு துண்டாகச் சேர்க்க நான் லிஸ்ட்டையே எடுப்பேன். துண்டுகளை அதில் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் ஜாயின் செய்தால் போதும்.

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகக் கையாள வேண்டுமென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, எழுத்துகளின் லிஸ்ட்தான். ‘தமிழ்’ என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் 5 என்கிறது லென், நமக்கோ அது மூன்றெழுத்து. ‘பழம்’ என்ற ஸ்ட்ரிங்கில் ‘ம’ இருக்கிறதா என்று கேட்டால் ட்ரூ (ஆம்). ‘ப’, ‘ழ’, ‘ம்’ என்ற லிஸ்ட்டில் கேட்டால் ஃபால்ஸ் (இல்லை), அதுதான் சரி. ஆனால் ஸ்ட்ரிங்கை அப்படியே லிஸ்ட்டாக மாற்றினால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக உதிர்ந்துவிடும். ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நிரல் நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். ‘விகடகவி’யை ஸ்ட்ரிங்காகத் திருப்பினால் ‘வி’யின் விசிறிக் குறி (ி) முன்னால் வந்து நிற்கும், இரண்டும் ஒன்றல்ல என்று பைதான் சொல்லும். அதையே ஐந்து எழுத்துள்ள லிஸ்ட்டாக்கித் திருப்பி ஒப்பிட்டால், ட்ரூ.