ஒரு வார மாத்திரையா, ஒரு மாத மாத்திரையா?

ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்தவர், தொடை எலும்புக்குக் கம்பி வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து வீடு திரும்புகிறார். வலிக்கு எழுதித் தர இரண்டு வழிகள். அபின் வகையைச் சேர்ந்த, பழக்கமாகிவிடக்கூடிய டிரமடால் என்ற வலி மாத்திரையை ஒரு மாதத்துக்கும் கொடுத்து அனுப்புவது ஒன்று. வேளை தவறாமல் பாராசிட்டமால், அதற்கும் அடங்காத வலிக்கு மட்டும் சில நாளைக்கு டிரமடால் என்பது மற்றொன்று.

முதல் வழியின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. மாத்திரை தீர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஊன்றுகோலோடு பஸ்ஸில் வரவேண்டும். துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போய்விடும். ஆனாலும் நான் இரண்டாவது வழியின் பக்கம்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்தை முதன்முறை 8 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களில் 13.5 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் அதை விடவில்லை. 31 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களில் அது 29.9 சதவீதம். கடும் வலிக்காரர்களுக்குத்தான் அதிக நாள் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் இது அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் அல்ல.

மருந்து விடாமல் தொடருமா என்பதில், அறுவை பெரிதா சிறிதா என்பதைவிட, நோயாளி யார் என்பதே முக்கியம். புகை, மது, மனச்சோர்வு, பதற்றம், வேறு இடங்களில் பழைய வலி ஆகிய எல்லாமே ஆபத்தைக் கூட்டுபவை. எல்லாவற்றுக்கும் மேல், அறுவைக்கு முன்பே இந்த மருந்தைச் சாப்பிட்டு வந்தாரா என்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் முன்பு சாப்பிடாதவர்களில் 8.2 சதவீதம் பேரே ஆறு மாதம் கழித்தும் தொடர்ந்தார்கள். முன்பே சாப்பிட்டவர்களில் 53.3 சதவீதம். ஆகவே மரத்திலிருந்து விழுந்தவரைவிட, ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரையோடு தறியில் உட்கார்ந்துவிட்டு மூட்டு மாற்ற வரும் சேலம் அம்மாபேட்டை நெசவாளரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அவரிடம் கேட்டால் "சாதா வலி மாத்திரைதான்" என்பார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாராசிட்டமால் 325 மி.கி.யோடு டிரமடால் 37.5 மி.கி. என்று பொடி எழுத்தில் இருக்கும். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து அது. பழைய அட்டைகளை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

இரண்டாவது வழியிலும் குறை உண்டு. மூட்டு மாற்றிய முதல் சில நாட்களுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதாது. டைக்ளோஃபினாக் என்ற வேறு வகை வலி மருந்தைச் சேர்க்கலாம் என்றால் சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு ஆகாது. நரம்பை மரக்கச் செய்யும் ஊசி முதல் நாளைக் கடத்த உதவும்.

மலையிலிருந்து வருபவருக்கு ஒரு வசதி இருக்கிறது: தையல் பிரிக்க எப்படியும் இரண்டு வாரத்துக்குள் வந்தாகவேண்டும். டிரமடாலைச் சில நாளோடு நிறுத்தி, மிச்ச வலியை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் மட்டும் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடல் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் தூக்கமின்மையும் வரும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.