கம்பியா, இழையா?

முடுக்கியின் புரோட்டான்கள் இலக்கில் மோதும்போது பிறக்கும் பயான், கேயான் என்னும் நுண்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணரியை நாகர்கோவிலில் செய்து பார்க்கிறோம்.

1968-இல் இயற்பியலாளர் ஷார்பாக் உருவாக்கிய பல்கம்பி அறை, வாயுவில் வரிசையாகக் கட்டிய நுண்கம்பிகளால் துகளை உணரும்; மெல்லியது. துகளின் பாதையை அதிகம் கலைக்காது. ஆனால் வாயு சிலிண்டர், உயர் மின்னழுத்தம், அப்புறம் நம் கடற்காற்றின் ஈரம்!

துகள் பட்டால் மினுக்கென்று ஒளிரும் பிளாஸ்டிக் இழைக்கு வாயு வேண்டாம். ஐரோப்பிய துகள் ஆய்வு மையமான செர்னில், இப்படிப் பிறக்கும் துகள்கள் செல்லும் துணைக்கற்றைப் பாதைகளிலும் 1 மி.மீ. சதுர இழைகள் வந்துவிட்டன. இருட்டுதான் முக்கியம்: கறுப்பு டேப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணிக்கை எகிறிவிடும். இழைகளை இரண்டு அடுக்காக வைத்து, மணவாளக்குறிச்சி மணலைப் பிடியளவு பக்கத்தில் வைத்தோம். அதன் தோரியம் வழிக் காமா கதிரால் ஓரடுக்கு படபடவென எண்ணியது. இரண்டு அடுக்கும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டுமே கணக்கு என்றதும், பெரும்பாலும் அடங்கி, வானிலிருந்து வரும் மியூயான் துகள்கள் தெளிந்தன. எங்கள் ஊருக்கு இழையே சரி.