8எம் டைமிங் பெல்ட்டில் ரோபோ டிராக்: சேலத்தில் ஒட்டி ஏற்காட்டில் ஓட்ட ஏற்றதா?

5 முதல் 10 கிலோ எடையுள்ள ரிமோட் ரோபோவுக்கு ரப்பர் டிராக் (பீரங்கி வண்டியில் போலச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) வேண்டுமென்றால் 800-8எம்-30 என்று அச்சிட்ட டைமிங் பெல்ட், அதாவது உட்புறம் பல் உள்ள பெல்ட், இரண்டு வாங்குங்கள். அதன் முதுகில் லாரி டயர் ரீட்ரெடிங் ரப்பரை (தேய்ந்த டயருக்கு மேலே புதிதாக ஒட்டும் ரப்பர்) துண்டு போட்டு ஒட்டுங்கள். வீட்டில் செய்யக்கூடிய டிராக்குகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

பெல்ட்டில் இருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 800 என்பது மி.மீ. கணக்கில் சுற்றளவு, 8எம் என்பது பல்லுக்குப் பல் 8 மி.மீ. (இதுதான் பிட்ச்), 30 என்பது மி.மீ. கணக்கில் அகலம். ஆக மொத்தம் 100 பற்கள். ஜவ்வரிசி ஆலைகளும் தறிக்கூடங்களும் நிறைந்த சேலத்தில் பெல்ட், பேரிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது பெல்ட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியதோ, ஆணியில் மடிந்து தொங்குவதோ வேண்டாம். உள்ளே ஓடும் கண்ணாடி இழை நூல் ஒருமுறை கூர்மையாக மடிந்தால் உடைந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, சுமை ஏறும் நாளில்தான் அந்த இடத்தில் அறும். மெக்கானிக் கடைகளில் கழற்றிப் போட்ட பழைய கார் பெல்ட் சும்மாவே கிடைக்கும். எண்ணெய் குடித்து ஊறியிருந்தால் அதில் பசை பிடிக்காது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் கண்ணிகளைக் கோத்த பொம்மை டிராக் வழுவழுப்பான பாறையில் சறுக்கும். அச்சில் ஊற்றும் இரு பாக பாலியூரித்தேன் ரப்பர் பார்க்க அழகு. ஆனால் உள்ளே நூல் வைக்காமல் ஊற்றினால் ஓட ஓட நீளும், ஈரக் காற்று பட்டால் நுரைத்துக் குமிழி விடும். 2 கிலோவுக்குக் குறைந்த சின்ன ரோபோவுக்கு மட்டும் 8எம் பெல்ட் விறைப்பு அதிகம், 5எம் போதும்.

பெல்ட் சுற்றி ஓடும் பல் சக்கரமான புல்லிக்கு 22 பல்லுக்குக் குறையக்கூடாது. அதைவிடச் சிறியதில் பெல்ட் அளவுக்கு மீறி வளைந்து சீக்கிரம் வெடிக்கும். 22 பல் புல்லியின் வெளிவிட்டம் 54.65 மி.மீ. இருக்க வேண்டும். பல் எண்ணிக்கையைப் பிட்ச்சால் பெருக்கிப் பை (π) மதிப்பால் வகுத்தால் 56.02 வரும், அதில் 1.37 கழிக்க வேண்டும். பலர் 56 என்றே 3டி பிரிண்ட் எடுத்துவிடுகிறார்கள். அப்போது பற்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பள்ளத்தை விட்டு ஏறி நிற்கும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடாதீர்கள். அது 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும், மே மாத சேலத்து வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்த புல்லி கோணிப்போகும். பிஇடிஜி பிளாஸ்டிக் தாங்கும். லேத் பட்டறையில் நைலான் உருளையைக் கடைந்து பல் வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

புல்லி அகலம் 31 மி.மீ. இருபக்கமும் ஃபிளாஞ்ச் (பெல்ட் நழுவாமல் தடுக்கும் விளிம்பு) வைத்து, அது புல்லியின் வெளிவிட்டத்துக்கு மேல் 4 மி.மீ. நிற்கட்டும். டிராக் வண்டி திரும்பும்போது பெல்ட்டைத் தரை பக்கவாட்டில் இழுக்கும். ஃபிளாஞ்ச் குட்டையாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே பெல்ட் கழன்று வரும்.

இந்த வேலையின் உயிர்நாடி, தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள். ரீட்ரெடிங் கடைகளில் டிரெட் ரப்பரின் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். அதன் அடிப்புறம் ஒட்டுவதற்கென்றே சொரசொரப்பாக்கப்பட்டு வருவதால் பாதி வேலை மிச்சம். 30 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரமாக வெட்டுங்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு வெட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறகு துண்டுகளை நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், சோப்பு மிச்சமிருந்தால் பசை நிற்காது.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பெல்ட்டில் பல் இருக்கும் இடம் விறைப்பு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள மெல்லிய பாகம்தான் மடங்கும். கட்டை பல்லின் நேர் முதுகில் உட்கார வேண்டும். இடைவெளியின் மேல் ஒட்டினால் புல்லியைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் கட்டையின் விளிம்பு உரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் வாய் பிளக்கும். நான்கு பல்லுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு பெல்ட்டுக்கு 25, இரண்டுக்கும் 50. மூன்றுக்கு ஒன்று என்றால் 100 பல்லில் கணக்கு இடிக்கும், நெருக்கத்தில் சேறும் அப்பிக்கொள்ளும்.

பெல்ட்டின் முதுகில் அந்தப் பளபளப்பு இருக்கும்வரை எந்தப் பசையும் ஒட்டாது. 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கரும்பலகை போல மங்கிய பிறகு தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். துணியில் கறுப்புத் தூள் வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். நியோபிரீன் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, 20 நிமிடம் முழுக்கக் காயவிட்டு, இரண்டாம் பூச்சு கொடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் முன்பே சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். அவசரத்துக்கு உடனடிப் பசை போடுவது வீண், அது கண்ணாடி போல இறுகி வளைவில் விரிசல் விடும். போல்ட் போட்டு முடுக்குவது அதைவிட மோசம், துளை போடும்போதே நூல்கள் அறுந்துவிடுகின்றன.

ஒட்டும் வேலையைச் சேலத்திலேயே முடித்துக்கொண்டு மலையேறுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் பசை காயும்போது அதன் மேல் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூக்கும். அப்படிப் பூத்த பசையில் ஒட்டிய கட்டை நகத்தால் நெம்பினாலே வந்துவிடும்.

மாட்டும்போது இரண்டு புல்லிகளின் மையத்துக்கு மையம் 312 மி.மீ. வரும். முன் புல்லிக்கு 10 மி.மீ. நீளத் துளை வெட்டி, பின்னாலிருந்து தள்ளும் எம்6 போல்ட் ஒன்று வையுங்கள். மேல் ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 6 முதல் 8 மி.மீ. இறங்கட்டும். அதைவிட இறுக்கினால் மோட்டார் சுடும், தளர்த்தினால் திரும்பும்போது பல் தாவும். பெல்ட்டின் முதுகை வெளியிலிருந்து சின்ன உருளையால் அழுத்தி இறுக்கும் யோசனை வேண்டாம், சின்ன உருளையில் எதிர்ப்பக்கமாகக் கூர்மையாக வளைவது கண்ணாடி இழைக்கு ஆகாது.

கீழே பக்கத்துக்கு நான்கு உருளைகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் எடை முழுதும் இரண்டு முனைகளில் நிற்கும். உருளை ஓடுவது பல்லின் நுனியில், புல்லி தாங்குவதோ பற்களின் இடைவெளியை. ஆகவே உருளையின் அடி, புல்லியின் அடியைவிட 3.4 மி.மீ. மேலே இருந்தால்தான் தரையில் பெல்ட் சமமாகப் படியும். சமமாகப் படிந்தால் 9 கிலோ ரோபோ ஒரு சதுர செ.மீ.க்கு 50 கிராமுக்கும் குறைவாகத்தான் அழுத்தும், இளகிய மண்ணில் புதையாது. இரண்டு டிராக்குகளின் நடுவே 220 மி.மீ. விடுங்கள். குறுக்கினால் ரோபோ நேராக ஓடும், திரும்ப மறுக்கும்.

காப்பித் தோட்டத்துச் செம்மண் சரிவுக்கு இந்த டிராக் அருமை. 30 டிகிரி ஏற்றத்தில் 9 கிலோவைத் தள்ள, உராய்வையும் சேர்த்துப் பக்கத்துக்கு 8 கிலோகிராம்-செ.மீ. முறுக்குவிசை போதும். ஆனால் நின்ற இடத்தில் திரும்ப அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கையிருப்பு வேண்டும். 12 வோல்ட் வைப்பர் மோட்டார் இதற்குப் பொருத்தம், அதன் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) சரிவில் பின்னோக்கி உருளவிடாது. லாரியிலிருந்து கழற்றியது 24 வோல்ட்டாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். சில வைப்பர் மோட்டார்களின் உடலே நெகட்டிவ். அதை அப்படியே இரும்புச் சட்டத்தில் முடுக்கி, மோட்டாரின் திசை மாற்றும் டிரைவர் சர்க்யூட்டில் இணைத்தால் ஷார்ட் ஆகும்.

உண்மையான குறை கூழாங்கல். சில்வர் ஓக் சருகு உள்ளே போனால் நசுங்கிவிடும், ஆனால் பல் பள்ளத்தில் ஒரு கல் மாட்டினால் பெல்ட் விண்ணென்று இழுபட்டு, பல் தாவும் அல்லது நூல் அறும். புல்லியின் ஒவ்வொரு பள்ளத்திலும் 3 மி.மீ. அகலத்தில் உள்நோக்கித் திறப்பு வைத்தால் மண்ணும் பொடிக்கல்லும் வெளியேறும். பெரிய கல்லுக்குப் பக்கத் தகடுதான் காவல். ஜல்லி பரப்பிய பாதையில் ஓட்டுவதாக இருந்தால் இந்த டிராக்கை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

சேற்றில் ஓடி வந்த பிறகு தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். கட்டைகளின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், உரியத் தொடங்கினால் முதலில் அங்கேதான் தெரியும். அந்த ஒன்றை மட்டும் பிய்த்து, பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, மறுபடியும் உப்புத்தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.