மஸ்கெலியா உயரத்தில் இரட்டை இஞ்சின் படகு: புரொப்பெல்லரும் டிரைவ் அமைப்பும், நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

நீர்கொழும்பில் குறையில்லாமல் ஓடிய படகை ட்ரெய்லரில் கினிகத்தேனை வழியாக ஏற்றி மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் இறக்கினால், முதலில் வரும் முறைப்பாடு "இஞ்சின் இழுக்கவில்லை" என்பதுதான். உடனே பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று கழற்றத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அவற்றில் ஒரு கோளாறும் இருக்காது. கடலோரக் காற்றுக்குப் பொருந்திய புரொப்பெல்லர் மலைக்காற்றுக்குப் பெரிதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அமைப்புக்கானது: 24 அடி ஃபைபர்கிளாஸ் படகு, பின்பக்க வி கோணம் (படகடியின் சரிவு) 24 பாகை, இரண்டு 200 குதிரைவலு வி6 நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்ட், கியர் விகிதம் 1.85:1, முழுத் திறப்பில் (திரொட்டிலை முழுதாகத் திறந்தபோது) ஓட வேண்டிய எல்லை 5,200 முதல் 6,000 ஆர்பிஎம் (நிமிடச் சுற்றுகள்). உங்கள் இஞ்சினின் எல்லை வேறாக இருக்கலாம். கையேட்டில் உள்ளதையே எடுங்கள்.

முதலில் காற்று. கடல் மட்டத்தில் வளி அழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். காசல்ரீ, மவுசாகலை இரண்டும் 1,000 மீற்றருக்கு மேலே உள்ளவை. அங்கே அது ஏறக்குறைய 880க்கு வந்துவிடும். நுவரெலியாவில், 1,868 மீற்றரில், 810 அளவு. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் நுவரெலியாவில் 20 சதவீதம் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் மலையில் குளிர் இருக்கிறது; குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கொழும்பின் 30 பாகை வெக்கையோடு நுவரெலியாவின் 16 பாகையை ஒப்பிட்டால் உண்மையான இழப்பு 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மவுசாகலையில் 10, கொத்மலையில் (முழு மட்டம் 703 மீற்றர்) 6, விக்டோரியாவில் (438 மீற்றர்) 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத இஞ்சினில் இந்த இழப்பு அப்படியே குதிரைவலுவில் தெரியும். எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ளவை பெற்றோல் அளவைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். ஆனால் போன காற்றைத் திருப்பித் தராது. பழைய கார்பரேட்டர் இஞ்சின் என்றால் கலவை தடித்துக் கறுப்புப் புகை வரும், மெயின் ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும்.

இதைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுவருவோம். வேகக் கணக்கு எளியது: ஆர்பிஎம்மை பிச்சால் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) பெருக்கி, கியர் விகிதத்தையும் 1,056ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால், வழுக்கல் இல்லாத வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். 21 அங்குல பிச், 5,900 ஆர்பிஎம் என்றால் 63 மைல். ஸ்லிப் (வழுக்கல்) 10 சதவீதம் கழித்தால் 57, அதாவது மணிக்கு 92 கிலோமீற்றர். இது கடல் மட்டத்தில். அதே 21ஐ மவுசாகலையில் சுழற்றினால் முழுத் திறப்பில் 5,600 முதல் 5,700க்குள் நின்றுவிடும். எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும். ஆள் ஏற்றி, தாங்கியை நிரப்பிப் பாருங்கள்: இன்னும் 200 ஆர்பிஎம் குறையும், படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரைத் தள்ளியபடியே கிடக்கும், பிளேனுக்கு (நீரின் மேல் எழுந்து வழுக்கி ஓடும் நிலைக்கு) வர மறுக்கும். பிச்சில் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். ஆகவே மவுசாகலைக்கும் காசல்ரீக்கும் 19தான் சரி. விக்டோரியாவுக்கு 21ஐ மாற்றத் தேவையில்லை. கொத்மலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாரம் குறைவென்றால் 21, குடும்பத்தோடு என்றால் 19. நுவரெலியாவின் கிரகரி வாவியில் இந்த அளவுப் படகை முழுத் திறப்பில் ஓட்ட இடமே கிடையாது, அங்கே கணக்குப் பார்ப்பது வீண்.

பிச்சைக் குறைத்தால் உச்ச வேகம் போய்விடுமே என்ற கவலைக்கு ஒரு பதில். மலையில் உச்ச வேகத்தைத் தின்றது காற்றுதான், 19 அல்ல. இரண்டிலும் உச்ச வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். வித்தியாசம் புறப்பாட்டிலும், நடு வேகத்தில் திரொட்டிலைக் கொஞ்சம் கூட்டும்போது கிடைக்கும் பதிலிலும். பெரிய பிச்சோடு குறைந்த ஆர்பிஎம்மில் முழுத் திறப்பில் திணறுவதுதான் இஞ்சினுக்குக் கேடு. நீண்டநாள் பார்த்தால் எரிபொருளும் அதில்தான் கூடப் போகிறது.

ஆனால் பிச்சைத் தொடுவதற்கு முன் இஞ்சின் மாட்டியிருக்கும் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இஞ்சின் தாழ்வாகத் தொங்கினால் கியர்கேஸ் (நீருக்குள் இருக்கும் கியர்ப் பெட்டி) நீரில் இழுபட்டே ஆர்பிஎம் குறையும்; அதைப் பிச்சுக் குற்றம் என்று நினைத்து மூன்றாவது ஜோடி புரொப்பெல்லர் வாங்கியவர்கள் உண்டு.

இரட்டை இஞ்சினில் உயரத்தை நடுக்கீலிலிருந்து (படகடியின் நடு முகட்டிலிருந்து) அளக்கக்கூடாது. இரண்டு இஞ்சின்களின் மையங்களுக்கு இடையே 28 அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 14 அங்குலம் தள்ளி நிற்கிறது. 24 பாகை வியில் அந்த இடத்தில் படகின் அடி, கீலைவிட 6 அங்குலத்துக்கும் சற்று மேலே இருக்கும். இஞ்சினுக்கு நேர் முன்னே உள்ள அடிக்கோட்டிலிருந்து ஒரு நேர்க்கட்டையைப் பின்னோக்கி நீட்டி, வென்டிலேஷன் தட்டு (புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத் தட்டு) அதற்கு எவ்வளவு மேலே என்று பாருங்கள். சமமட்டத்தில் தொடங்கலாம். ஜாக் பிளேட் (இஞ்சினைப் பின்னே தள்ளி மாட்டும் தாங்கி) வைத்து 10, 12 அங்குலம் பின்னே தள்ளியிருந்தால் ஓர் அங்குலம் மேலே தொடங்கலாம். டிரான்சத்தில் (படகின் பின்சுவரில்) இஞ்சினைப் பூட்டும் துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். ஒவ்வொரு துளையாக ஏற்றி ஓட்டுங்கள். ஒன்று, நீர் அழுத்த மானி விழத் தொடங்கும். அல்லது வளைவில் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி இஞ்சின் திடீரென அலறும். எது முதலில் வந்தாலும் ஒரு துளை இறக்கிப் பூட்டிவிடுங்கள். முழு வேகத்தில் இஞ்சினைக் குளிரூட்டும் நீரின் அழுத்தம் 10, 12 பிஎஸ்ஐக்குக் கீழே போகவே கூடாது. இந்தப் படகில் தட்டு அடிக்கோட்டுக்கு 2 அங்குலம் மேலே நிற்கும்போது நாலு இதழ் ஸ்டீல் புரொப்பெல்லர் நன்றாகப் பிடிக்கிறது; மூன்று இதழுக்கு அதே உயரம் வளைவில் தாங்கவில்லை.

மூக்கிலிருந்து நீர் எடுக்கும் பந்தயக் கியர்கேஸ் வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் போகாத படகுக்கு வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் தோட்டங்களிலிருந்து இறங்கும் செம்மண் கலங்கலை அது நேரே அள்ளிக்கொள்ளும். சாதாரணக் கியர்கேஸிலேயே தண்ணீர்ப் பம்பின் உட்சுவர் கீறல் விழுந்து போகிறது. கையேடு இம்பெல்லருக்கு (பம்பின் ரப்பர் சுழலிக்கு) என்ன காலம் சொன்னாலும், இங்கே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பதே சரி. இம்பெல்லரோடு அந்த உட்சுவரையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது இம்பெல்லர் போட்டும் அழுத்தம் ஏறாது.

சுழற்சித் திசை: வலது இஞ்சின் வலச்சுற்று, இடது இஞ்சின் இடச்சுற்று, பின்னாலிருந்து பார்த்தால் மேல் இதழ்கள் வெளிப்பக்கம் போக வேண்டும். வி அடிப் படகுக்கு இதுவே நிலையானது. உள்நோக்கிச் சுழற்றினால் கட்டமரான் போன்ற அடிகளில் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம், ஆனால் துறையில் ஒதுக்கும்போது படகு சொல் கேட்காது. இடச்சுற்றுக்குத் தனிக் கியர்கேஸ் வேண்டும். சாதாரணக் கியர்கேஸில் இடப் புரொப்பெல்லரை மாட்டினால் முன் கியரில் படகு பின்னே போகும்.

டை பாரை (இரண்டு இஞ்சினையும் இணைக்கும் தண்டை) முதலில் இரண்டு இஞ்சினும் இணையாக நிற்கும்படி பூட்டுங்கள். அளவை புரொப்பெல்லர் தண்டின் மையத்திலும், கியர்கேஸின் மூக்கிலும் எடுக்க வேண்டும். மேல்மூடியில் எடுத்தால் பிழைக்கும். பிறகு எட்டில் ஒரு அங்குலமாக மாற்றி, அதே திறப்பில் ஆர்பிஎம் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இதழின் முன்விளிம்பை ஒட்டி, ஒரே பக்கத்தில் பெயின்ட் உரிந்து குழிகள் விழுந்தால் இந்த அளவு தப்பு என்பதற்கு அடையாளம். மலையில் வளி அழுத்தம் குறைவு என்பதால் கேவிட்டேஷன் (இதழில் நீர் ஆவிக்குமிழிகளாகி வெடிப்பது) கடலைவிடக் கொஞ்சம் சீக்கிரமே தொடங்கும். விளிம்பில் சின்னக் கொத்து விழுந்திருந்தாலும் அதை அரம் போட்டு வழவழப்பாக்கிவிட வேண்டும்.

இதழ் எண்ணிக்கையில் இங்கே எங்கள் வாக்கு நாலுக்குத்தான். உச்ச வேகத்தில் ஒன்றிரண்டு மைல் குறையும். பதிலுக்குப் பின்பக்கம் தூக்கிக்கொடுக்கும், குறைந்த வேகத்திலும் பிளேனில் நிற்கும், வளைவில் வழுக்காது. ரேக் (இதழ் பின்னோக்கிச் சாயும் கோணம்) அதிகமுள்ள மூன்று இதழ்கள் மூக்கைத் தூக்கும். 24 பாகை அடியில் அது அதிகமானால் முழு வேகத்தில் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஸ்டியரிங்கில் சிறு தளர்வு இருந்தால் இன்னும் மோசம். இரட்டைச் சிலிண்டர் ஹைட்ரோலிக் ஸ்டியரிங் இல்லாமல் இந்த வேகங்களை நாடவே வேண்டாம்.

மலை உயரத்துக்கென்றே தேட வேண்டிய ஒன்று, நடுப் பீப்பாயில் காற்றுத் துளை உள்ள புரொப்பெல்லர். புறப்படும்போது எக்ஸாஸ்ட் வாயு அந்தத் துளை வழியே இதழ்களின் பின்னே கசிந்து பிடியைத் தளர்த்தும். இஞ்சின் வலுவுள்ள ஆர்பிஎம்முக்குச் சட்டென ஏறிவிடும். வேகம் வந்ததும் நீரோட்டம் துளையை மூடிவிடும். துளை அளவை மாற்றும் பிளக்குகள் சிலவற்றோடு வரும். கடலோரத்தில் மூடியே வைத்திருந்ததை மலையில் நடு அளவுக்குத் திறந்தால் 19 பிச்சே 17 போலப் புறப்படும்.

இனி ஸ்டீலா அலுமினியமா. மவுசாகலைக்குள் இருப்பது பழைய மஸ்கெலியா நகரம். தைப்பொங்கல் கழிந்து நீர்மட்டம் இறங்க இறங்கக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரிபவற்றால் ஆபத்தில்லை, அவற்றுக்குச் சுற்றிலும் ஓரடி ஆழத்தில் இருக்கும் சுவர்களும் படிகளும் மரக்கட்டைகளும்தான் புரொப்பெல்லரைக் கேட்கும். ஸ்டீல் இதழ் வளையாது, அடியை அப்படியே தண்டுக்கும் கியருக்கும் அனுப்பிவிடும். அலுமினியம் வளைந்தோ உடைந்தோ தன்னோடு முடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு ஜோடி வைத்திருப்பதே சிக்கனம்: நீர் நிறைந்த மாதங்களுக்கு ஸ்டீல் நாலு இதழ் 19, வற்றும் மாதங்களுக்கு அலுமினியம் 17. அலுமினியம் 200 குதிரைவலுவுக்குக் கொஞ்சம் நெளியும், வேகம் குறையும். வற்றிய நீரில் வேகமாய்ப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

மாற்றக்கூடிய ஹப் (புரொப்பெல்லரைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதி) உள்ளதையே வாங்குங்கள். அடி பட்ட பிறகு ஹப் நழுவியதா என்று அறிய, உள்ஹப்பிலிருந்து பீப்பாய் வரை ஒரே நேர்கோடாகப் பெயின்ட் இழுத்து, மிதமாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஹப் போய்விட்டது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டாலும் அதே நோய்தான்.

வலை இன்னொரு தொல்லை. காசல்ரீயில் திலாப்பியாவுக்குப் போடும் நைலோன் வலை புரொப்பெல்லருக்குப் பின்னே சுற்றிக்கொண்டு தண்டுச் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் ஒயில் பால் நிறமாகும்போதுதான் விளங்கும். மாதம் ஒருமுறையாவது நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை எடுத்து, திரஸ்ட் வாஷருக்குப் பின்னே நூல் இருக்கிறதா பாருங்கள். ஸ்ப்ளைனில் (தண்டின் பற்களில்) நீர்தாங்கும் கிரீஸ் பூசி, வாஷரின் காதுகளைச் சரியாக அமர்த்தி, முறுக்குக் குறடால் இறுக்குங்கள். இந்த அளவு வி6களில் பலவற்றுக்கு 75 நியூட்டன் மீற்றர். கியர் ஒயிலை எப்போதும் கீழ்த் துளையிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை.

கடலிலிருந்து வந்த படகென்றால் துத்தநாக அனோடுகளை (அரிப்பைத் தாங்கள் ஏற்கும் உலோகத் துண்டுகளை) கழற்றிவிடுங்கள். நன்னீரில் அவற்றின் மேல் ஓடு படிந்து வேலை செய்யாமல் போகும். அலுமினிய அனோடு இரண்டு நீருக்கும் பொருந்தும்.

ஸ்டெர்ன்டிரைவ் (இஞ்சின் படகுக்குள்ளே, டிரைவ் வெளியே) இரட்டையைப் பற்றிச் சுருக்கமாக: இங்கே பரிந்துரைக்க முடியாது. உயரத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, நீர் வற்றினால் முழுதாகத் தூக்க முடியாது, ரப்பர் பெல்லோஸ் கிழிந்தால் படகுக்குள் நீர்.

சோதனை ஓட்டத்தைக் காலையில், காற்று எழும்பும் முன், அரைத் தாங்கிப் பெற்றோலோடு, வழக்கமான ஆள் கணக்கோடு செய்யுங்கள். எதிரெதிர்த் திசைகளில் ஓடி ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியை எடுங்கள். ஸ்லிப் 8 முதல் 12 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது; 20ஐத் தாண்டினால் இஞ்சின் உயரமோ ஹப்போ பார்க்க வேண்டும்; பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் டாக்கோமானி (ஆர்பிஎம் காட்டும் மானி) பொய் சொல்கிறது, அல்லது கப் (பின்விளிம்பு வளைவு) கூட்டிய இதழின் உண்மைப் பிச் அதில் பொறித்ததைவிட அதிகம். இரண்டு இஞ்சினுக்கும் இடையே 100க்கு மேல் ஆர்பிஎம் வித்தியாசம் இருந்தால் முதலில் டிரிம்மை (இஞ்சினின் சாய்வை) கண்ணால் ஒப்பிடுங்கள், மானியை நம்பவேண்டாம். எதிர்ச்சுற்று என்பதால் புரொப்பெல்லர்களை இடம் மாற்றிப் பார்க்க வழியில்லை. மாற்று ஜோடியிலிருந்து ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பதும் பயனற்றது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அணைப் பக்கமும் நீர் எடுக்கும் வாயில் பக்கமும் போகாதீர்கள். நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி கேட்ட பிறகுதான் படகை இறக்குவதே.

ஓர் இஞ்சின் நின்றுவிட்டால் மற்றதை வைத்துப் பிளேனுக்கு ஏற்ற முயலவே வேண்டாம். இரண்டு இஞ்சினுக்குத் தேர்ந்த 19, ஒன்றுக்கு மிகப் பெரிது; இந்த உயரத்தில் இன்னும் பெரிது. நின்றதை முழுதாகத் தூக்கிவிட்டு, ஓடுவதை 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் வைத்துக் கரைக்கு வாருங்கள். இதற்காகவே படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: இடச்சுற்றுக்கு ஒன்று, வலச்சுற்றுக்கு ஒன்று என அலுமினியப் புரொப்பெல்லர்கள், இரண்டு ஹப் செட், உதிரி நட்டும் பூட்டு வாஷரும், குறடு, இதழுக்கும் தட்டுக்கும் இடையே செருக ஒரு மரக்கட்டைத் துண்டு.