பழைய மாஸி 1035 டிராக்டர் எஞ்சினைப் பிரிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் எல்லாத்துக்கும் ஒரே சாமான்தாங்க" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். அந்த ஒரு பேச்சுதான் எங்கள் வண்டியின் கிராங்க்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, தின்றது.

எழுபதுகளின் கடைசியில் அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035. டாஃபே வண்டி, சிம்ப்சன் எஞ்சின், 2,365 சிசி. சிலிண்டர் போர் (உள் விட்டம்) மூன்றரை அங்குலம், அதாவது 88.9 மி.மீ. பெர்கின்ஸ் கம்பெனி வடிவமைத்த 144 வகை என்பார்கள். இதே சாயலில் 152 என்று இன்னொரு எஞ்சின் இருக்கிறது. வெளிநாட்டு மாஸி 35, 135 வண்டிகளில் வந்தது. அதுவும் மூன்று சிலிண்டர்தான், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 5 அங்குலம். ஆனால் போர் 3.6 அங்குலம், 91.44 மி.மீ. பத்தில் ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கின் சுற்றளவில் அது 8 மி.மீ. ஆகிவிடும்.

லைனரும் (சிலிண்டரின் உள் குழாய்) பிஸ்டனும் அளந்து பார்த்ததில் நன்றாகவே இருந்தன. ரிங் செட், பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்), கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவானது. லேத்தில் கிராங்க்கை 20 சைஸுக்கு, அதாவது விட்டத்தில் 20 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைத்து, சாணை பிடித்துக் கொடுத்தார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. சாமானும் ஃபிட்டிங்கும் டவுனில் உள்ள ஒரு ஸ்பேர்ஸ் கடையின் ஷெட்டில். 144-க்கு உண்டான செட் என்று கேட்டுத்தான் பணம் கட்டினோம்.

வண்டி வந்ததிலிருந்தே பிரீதரில் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) புகை. சைலன்சரில் நீலப் புகை. ஆயில் குறைந்துகொண்டே போனது. கேட்டால், "புது ரிங் அண்ணே, அம்பது மணி நேரம் ஓடட்டும், தானா உக்காந்துடும்" என்றார் மெக்கானிக். புது ரிங் லைனரில் படிய நேரம் எடுக்கும் என்பது உண்மை. அதனால்தான் இந்தப் பதில் எல்லாரையும் வாயடைக்க வைக்கிறது. ஆனால் படியவேண்டிய ரிங்காக இருந்தால் புகை நாளுக்கு நாள் குறைய வேண்டும். எங்களுக்குக் கூடியது. சம்பா நடவுக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது, எஞ்சின் சூடேற ஏற ஆயில் கேஜ் முள் கீழே இறங்கியது. அடியில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். அப்போதே நிறுத்திவிட்டோம்.

பக்கத்து ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி எல்லாவற்றையும் எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார். ரிங்கின் இரண்டு முனையிலும் அரம் போட்ட கோடு அப்படியே தெரிந்தது. 152-க்கு உண்டான ரிங்கை முனையில் ராவிக் குறைத்து 144 போரில் திணித்திருக்கிறார்கள்! ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்துக் கீழே பல்பைப் பிடித்துக் காட்டினார். சுற்றிலும் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் பிறை நிலா மாதிரி வெளிச்சம் வந்தது. பெரிய வட்டத்துக்கு வார்த்த ரிங்கை வெட்டிக் குறுக்கினால் அது வட்டமாக நிற்காது. கம்ப்ரெஷன் கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும். எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் உட்காராது.

அதைவிடக் கொடுமை பேரிங். இரண்டு ஜோடியின் முதுகில் 020 என்று இருந்தது, மூன்றாவதில் 010. 20 சைஸுக்குச் சாணை பிடித்த கிராங்க்கில் 010 பேரிங் லூசாகத்தான் நிற்கும். அந்த இடைவெளி தெரியாமல் இருக்க, பேரிங்குக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்திருந்தார்கள். அதனால்தான் முதலில் சத்தம் வரவில்லை. லோடு விழுந்ததும் தகடு நசுங்கி நகர்ந்தது, பேரிங் சுழன்றது, ஜர்னலில் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடம்) விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு. இனி 30-க்குச் சாணை பிடித்தாக வேண்டும். ரிங் போனால் வேறு வாங்கலாம். கிராங்க்கில் தேய்த்து எடுத்த இரும்பு திரும்பி வராது. இந்த வயது வண்டிக்கு நல்ல கிராங்க் கிடைப்பது எவ்வளவு பாடு என்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தகடு தானாக உள்ளே போய் உட்காரவில்லை. தெரிந்தே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கடையில் கேட்டதற்கு, "ஓவர்லோடு பண்ணிட்டீங்க" என்றார்கள். பில்லில் "எஞ்சின் சாமான் 1 செட்" என்று மட்டும் எழுதியிருப்பதால் அவர்களுக்கு அந்தத் துணிச்சல். ஆகவே பில்லில் எஞ்சின் நம்பர், பார்ட் நம்பர், சைஸ் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாமான் வேண்டாம். பேரிங்கை மாட்டும் முன் ஆறு துண்டின் முதுகையும் போட்டோ எடுங்கள். ரிங்கை லைனரில் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்; மூன்றரை அங்குல போருக்குச் சுமார் 12 முதல் 14 தவ் இடைவெளி இருக்கும். கழற்றிய பழைய சாமானை ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சாமானுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். ராவின ரிங்கும் பித்தளைத் தகடும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. டெல்டா பக்கம் வேறு யாருக்காவது எஞ்சின் வேலை முடிந்தும் நீலப் புகை நிற்காமல் இருந்தால், ஐம்பது மணி நேரம் காத்திருக்காமல் இப்போதே பிரித்துப் பாருங்கள்.