புதிய பிரெஞ்சு உணவகத்தில் நண்பர்களோடு: ஆளுக்கொன்றா, மெனுவா, நடுவில் வைத்துப் பகிர்வதா?

நாங்கள் ஐந்து பேர் முதன்முதலாக ஒரு பிரெஞ்சு உணவகத்துக்குப் போனபோது, ஆளுக்கொன்றாக ஆர்டர் கொடுத்தோம். தோழி ஒருத்தி, அவ்வளவாகப் பசியில்லை என்று வெங்காய சூப் மட்டும் சொன்னாள். சூப் முதல் சுற்றில் வந்தது, முடிந்தது. அப்புறம் எங்கள் நால்வருக்கும் பெரிய தட்டுகள் வந்தன. அவள் முன்னால் ஒன்றுமில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பில்லை ஐந்தாகப் பிரித்தபோது எங்கள் அளவுக்கே அவளும் கொடுத்தாள். அன்றைக்குச் சாப்பாடு அருமை. ஆனால் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அவள் முன்னால் இருந்த வெறும் மேசைதான்.

அதிலிருந்து, புதிய இடத்தில் உட்கார்ந்ததும் எதைச் சாப்பிடலாம் என்பதற்கு முன்னால், எப்படி ஆர்டர் கொடுக்கலாம் என்பதைப் பேசிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். பிரெஞ்சு உணவகங்களில் அதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கையும் நண்பர்களோடு முயன்று பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு பிரெஞ்சில் 'கார்ட்' என்று பெயர். அங்கே 'மெனு' என்றால், ஒரே விலைக்கு இரண்டோ மூன்றோ சுற்றுகள் அடங்கிய முழுச் சாப்பாடு. ஆகவே பரிமாறுபவரிடம் மெனு வேண்டும் என்றால், சில இடங்களில் அந்த முழுச் சாப்பாட்டையே கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, 'ஆந்த்ரே'. பிரான்சில் இது சாப்பாட்டின் தொடக்கத்தில் வரும் சிறிய தட்டு. அமெரிக்காவில் அதே சொல் முக்கியத் தட்டைக் குறிக்கும். பிரான்சில் முக்கியத் தட்டுக்கு 'ப்ளா' என்று பெயர்.

கார்டிலிருந்து ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத் தனித்தனி விலையில் எடுப்பது 'அ லா கார்ட்'. பெரும்பாலான நண்பர் கூட்டங்கள் யோசிக்காமல் இதற்குள்தான் போகின்றன. இதன் பெரிய பலம் சுதந்திரம். இறைச்சி சாப்பிடாதவர், கடல் உணவு ஒத்துக்கொள்ளாதவர், கையில் குறைவாகப் பணம் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இடம் உண்டு. பாரிசில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவகம் என்ற ஒன்று பிறந்தபோது மக்களை இழுத்ததும் இந்தச் சுதந்திரம்தான். அதற்கு முன் விடுதிகளில் இருந்தது 'தாப்ள் தோத்', அதாவது விடுதிக்காரரின் பொது மேசை: குறித்த நேரத்தில், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே விலை. தனி மேசை, விலை போட்ட அட்டை, விரும்பியதை எடுப்பது எல்லாம் அன்றைக்குப் புதுமை.

ஆனால் தனியாக வருபவருக்குச் சுகமான இந்த ஏற்பாடு, கூட்டமாக, அதுவும் விவரம் தெரியாமல் வருபவர்களை மூன்று இடங்களில் தடுமாற வைக்கிறது. ஒன்று, நேரம். பழைய பிரெஞ்சு விருந்துகளில் பல பதார்த்தங்களை ஒரே சமயத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டு வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு 'ரஷ்ய முறை' என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது பிரான்சில் வேரூன்றியது. முதல் சுற்றை எல்லோரும் முடிக்காமல் அடுத்தது வராது. ஒருவர் இரண்டு தட்டு, ஒருவர் ஒரு தட்டு, இன்னொருவர் மூன்று என்று சொன்னால், ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவர் சும்மா இருந்தாக வேண்டும்.

இரண்டு, தெரியாத பெயர்கள். எங்களில் ஒருவன் 'ஆந்துய்யெத்' என்பது சாதாரண சாசேஜ் என்று நினைத்து வாங்கினான். பன்றிக் குடலில் செய்வது அது, மணம் கடுமை. பிடித்தவர்கள் தேடிப்போய்ச் சாப்பிடுவார்கள், முதல் முறை பார்ப்பவருக்குக் கஷ்டம். 'ரீ து வோ' கன்றின் கணையச் சுரப்பி என்று பலர் சொன்னாலும், பெரும்பாலும் அது கழுத்தருகே இருக்கும் தைமஸ் சுரப்பி. 'தார்த்தார்' என்றால் பச்சை மாட்டிறைச்சி, மீனிலும் உண்டு. மாட்டிறைச்சித் துண்டம் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். குறைந்த வேக்காட்டிலிருந்து நன்றாக வெந்தது வரை வரிசையாக: ப்ளூ, சென்யான், ஆ ப்வான், பியான் க்யுயி. ஆ ப்வான் என்பதை நடுத்தர வேக்காடு என்று மொழிபெயர்த்தாலும், மற்ற நாடுகளில் அந்தப் பெயரில் கிடைப்பதைவிட உள்ளே சிவப்பு கூடுதலாகவே இருக்கும். சிவப்பு பிடிக்காதவர் பியான் க்யுயி என்று சொல்வதே நல்லது. ஒருவர் தட்டைத் தொடாமல் தள்ளிவைத்துவிட்டால் மற்றவர்களுக்கும் தொண்டையில் இறங்காது.

மூன்றாவது பில். அதைப் பற்றி நீட்ட வேண்டாம், மேலே சொன்ன சூப் கதையே போதும்.

இரண்டாவது வழி மெனு. அதன் எளிய வடிவம் 'ஃபார்முல்'. ஆந்த்ரேயும் ப்ளாவும் ஒரு விலை, அல்லது ப்ளாவும் இனிப்பும் அதே விலை. மூன்றும் வேண்டுமென்றால் கொஞ்சம் கூட. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று தேர்வுகள் இருக்கும். மதிய நேரத்தில், அதுவும் வேலை நாட்களில், பல இடங்களில் இது கிடைக்கும். தனித்தனியாக வாங்கினால் ஆகும் மொத்தத்தைவிட விலை குறைவு.

நண்பர்களுக்கு இது ஏன் பொருந்துகிறது என்று எனக்குப் புரியச் சில தடவைகள் பிடித்தன. எந்தச் சேர்க்கையை எடுத்தாலும் ப்ளா எல்லோருக்கும் உண்டு. தொடக்கத்தில் ஒருவருக்கு இல்லாமல் போகலாம், கடைசியில் இன்னொருவருக்கு இல்லாமல் போகலாம், ஆனால் நடுச் சுற்றில் ஐந்து பேர் முன்னாலும் சூடாக ஒரு தட்டு இருக்கும். பேச்சு களைகட்டுவதும் அப்போதுதான். செலவும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால், பிரிக்கும்போது யாருக்கும் மனக்குறை வராது. தேர்வுகள் குறைவு என்பதும் புதியவருக்கு நல்லதே. நாற்பது பெயர்களுக்கு விளக்கம் கேட்பது யாருக்கும் கூச்சம். ஆறு பெயர்களுக்குக் கேட்கலாம். அன்றைய தட்டான 'ப்ளா து ஜூர்' பெரும்பாலும் அன்று சந்தையில் வாங்கியதை வைத்துச் செய்வது, நான் பல தடவை அதையே எடுத்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. சில தேர்வுகளுக்குப் பக்கத்தில் 'சுப்ளெமான்' என்று சின்ன எழுத்தில் கூடுதல் தொகை இருக்கும். கவனிக்காவிட்டால் சமச் செலவு என்ற கணக்கே கெட்டுவிடும். சைவ உணவுக்காரருக்கு ஃபார்முலில் ஒன்றும் அமையாமல் போகலாம். வெங்காய சூப்பை வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில் செய்கிறார்கள். முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுடும் கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. கோம்தே போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்டவர் கூட்டத்தில் இருந்தால், அவர் மட்டும் கார்டிலிருந்து எடுக்கட்டும், மற்றவர்கள் மெனு எடுக்கட்டும். இதற்கு எந்த உணவகமும் மறுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, 'தெகுஸ்தாசியோன்'. சமையல்காரரே தேர்ந்தெடுத்த ஐந்து, ஏழு, சில இடங்களில் ஒன்பது சிறு தட்டுகள் வரிசையாக வரும். அட்டையில் கீழே ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: மேசையில் உள்ள அனைவரும் எடுத்தால் மட்டுமே தருவோம் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். சுற்றுகளை ஒரே தாளத்தில் அனுப்ப வேண்டிய சமையலறைக்கு அது தேவை. ஆனால் அந்த வரியே நண்பர்களுக்குள் ஒரு நெருக்கடியை உண்டாக்கும். நால்வர் ஆசைப்பட்டால் ஐந்தாமவர் மறுக்க முடியாது. ஒரு பிறந்தநாளுக்கு நாங்கள் அப்படி உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம், நான்காவது தட்டுக்கு மேல் இரண்டு பேர் கடமைக்குச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பரிமாறுபவர் வந்து விளக்கம் சொல்வதால், தொடங்கிய பேச்சு பாதியில் நின்றது. சாப்பாட்டில் ஒரே அளவு ஆர்வம் உள்ள இருவருக்கு இது அற்புதமான மாலை. பல நாள் கழித்துக் கதை பேசச் சேர்ந்த கூட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது, நடுவில் வைத்துப் பகிர்வது. மனத்துக்கு மிக நெருக்கமான வழி இதுதான், ஆனால் பிரெஞ்சுத் தட்டுகள் பெரும்பாலும் ஒருவருக்கென்று அடுக்கப்பட்டவை. கொழுப்பில் மெதுவாக வேகவைத்த வாத்துக்காலான கோன்ஃபியை ஐந்தாகப் பிரித்தால் யாருக்கும் அதன் மொறுமொறுப்பும் மென்மையும் சேர்ந்து கிடைக்காது. பகிர்வதற்கென்றே செய்பவற்றைத் தேட வேண்டும். 'இருவருக்கு' என்று போட்டிருக்கும் கோத் து பஃப் என்ற பெரிய எலும்பு இறைச்சி, பனிக்கட்டி மேல் அடுக்கிய கடல் உணவுத் தாம்பாளம், உருகிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சவோய் மலைப்பகுதியின் ஃபோந்து, உப்பிட்டு உலர்த்திய இறைச்சிப் பலகை, பாலாடைக்கட்டிப் பலகை. ஃபோந்து குறைந்தது இருவருக்கு என்றே தருவார்கள். ஐந்து பேரில் இருவர் இருவராகச் சேர்ந்தால் ஒருவர் மிஞ்சுகிறார், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தின் வகையும் இதில் முக்கியம். பிராஸ்ரி என்றால் ஆதியில் பீர் வடிக்கும் இடம். பெரிய கூடம், நாள் முழுக்கச் சமையல் நடக்கும், கடல் உணவுத் தாம்பாளத்துக்கு ஏற்றது. பிஸ்த்ரோ சின்னது, வீட்டுச் சாயல் கொண்டது, ஃபார்முலுக்கு அதுதான் இடம். ஒருவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என் தேர்வு தெளிவானது. முதல் முறை போகும் இடத்தில், மதியத்தில், ஃபார்முல். தொடக்கத்தில் நடுவில் ஒரு பலகை, முடிவில் இரண்டு மூன்று 'கஃபே குர்மான்'. ஒரு சிறு காபியோடு மூன்று நான்கு குட்டி இனிப்புகள் வரும், கிரேம் ப்ருலே, சாக்லேட் மூஸ் என்று. ஆளுக்கொரு கரண்டி எடுக்கலாம். கூடிச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இரண்டு முனைகளில் நிறைவேறும், நடுவில் அவரவர் தட்டு அவரவருக்கு. பிரான்சில் என்றால் குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் கேட்டால் இலவசம். அதைக் கேட்கலாம் என்று உணவகமே தெரிவிக்க வேண்டும் என்பது 2020-இல் வந்த சட்டம். சேவைக் கட்டணமும் அங்கே அட்டை விலையிலேயே அடங்கும். பில்லை நாமாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், எழுப்பிவிடக் கூடாது என்ற மரியாதை அது.

போன மாதம் அதே ஐந்து பேர் வேறொரு பிஸ்த்ரோவுக்குப் போனோம். நான்கு பேர் ஃபார்முல். தோழிக்கு அன்றும் பசியில்லை, அன்றும் வெங்காய சூப். நான் பரிமாறுபவரிடம், இவருடைய சூப்பை எங்கள் ப்ளாவோடு சேர்த்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஐந்து தட்டுகளும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன.